வாப்பாவின் ஜீப்புக்கு டீசல் இன்ஜின்: முதலில் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பா 1971-இல் வாங்கிய மஹிந்திரா ஜீப் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. லாங் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் நீளமான வண்டி. பின்னால் மரத்தொட்டி கட்டி, பிக்கப் மாதிரி கருவாடும் கரி மூட்டையும் ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். எட்டு வருஷமாக ஓடாமல் நின்று பெட்ரோல் இன்ஜின் ஜாம் ஆகிக் கிடக்கிறது. "பொலேரோவின் டீசல் இன்ஜின் ஒன்று மதுரையில் விலைக்கு வருகிறது. அதை வாங்கி மாட்டினால் வண்டி ஓடுமா? என்னென்ன மாற்ற வேண்டும்? எவ்வளவு செலவாகும்?" என்பது கேள்வி.

ஓடும் தம்பி. நன்றாகவே ஓடும். உச்சிப்புளிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தவன் நான். இந்த வேலையைப் பல வண்டிகளுக்குச் செய்திருக்கிறேன். ஆனால் மதுரைக்கு அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். நம் கரையில் இன்ஜின் கிடைப்பது பெரிய காரியம் இல்லை. அதைத் தாங்குவதற்குச் சேஸிஸ் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மீன் ஏற்றிய வண்டிகளில் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகும். உப்பும் மீன் சாறும் கலந்த அந்தத் தண்ணீர் தொட்டிப் பலகையின் இடுக்கு வழியாக இறங்கி நேராகச் சேஸிஸ் மேல்தான் விழும். கருவாடு ஏற்றிய வண்டியும் அப்படித்தான். உதிர்ந்த உப்பு இடுக்கில் தங்கி, வாடைக் காற்றின் ஈரத்தில் கசிந்து கொண்டே இருக்கும். தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் சேர்ந்து அடிக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். பெட்டி போல மூடிய சேஸிஸ் நீளத்துக்குள் துரு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து கிடக்கும்.

பார்க்கும் விதம் இதுதான். அரைக் கிலோ உருண்டைத் தலைச் சுத்தியல் ஒன்று போதும். முன் பம்பரில் தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே பின்னால் போங்கள். நல்ல இரும்பு "டிங்" என்று மணி மாதிரி கேட்கும், சுத்தியல் கையில் துள்ளும். அரித்த இடம் "டப்" என்று அமுங்கும். உள்ளே பொருக்கு உதிர்ந்து சரசரவென்று ஓடுவது காதுக்கே கேட்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முக்கியமாக நான்கு இடம்: ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஹேங்கர்கள், பின் பட்டைக்கு மேல் சேஸிஸ் வளையும் இடம், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் பிடிக்கும் இடம். வட்டம் போட்ட இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஓங்கித் தள்ளுங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கத்தான் வேண்டும். மேலேயே பட்டி மாதிரி ஒரு தகட்டை ஒட்டி வெல்டிங் அடித்துக் கொடுப்பார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் தங்கி, அடுத்த இரண்டு மழைக்காலத்தில் முன்பைவிட மோசமாகிவிடும்.

வட்டங்கள் பத்துக்கு மேல் போனால் இன்ஜின் பேச்சை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முதலில் சேஸிஸ், அப்புறம் மற்றதெல்லாம்.

சேஸிஸ் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஆர்.டி.ஓ. அலுவலகம். இதைப் பலரும் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் மாற்ற வேண்டுமானால் பதிவு செய்யும் அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். முறைகேடான மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெட்ரோல் வண்டிக்கு அதே பெட்ரோல் இன்ஜினை மாற்றுவது ஒன்று, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளே மாறுவது வேறு. அதனால் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் டீசல் யோசனையை விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் மாற்றிக் காப்பீடு செல்லாமல் போன வண்டியைப் பாம்பன் பாலத்தில் ஏற்றி, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் குடும்பமே தாங்காது.

உங்கள் வண்டிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. வின்டேஜ் என்று பதிவு செய்தால் நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டவும் கூடாது. 1971 வண்டி என்பதால் உங்களுடையதற்கு அந்த 50 வருஷம் நிறைந்துவிட்டது. டீசல் இன்ஜினை மாட்டிய அன்றே அந்தக் கதவு மூடிவிடும். வாப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ளும் வண்டியா, சரக்கு ஏற்றும் வண்டியா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

நினைவாக வைத்துக்கொள்வதென்றால் இருக்கிற இன்ஜினையே பிரித்துப் பாருங்கள் என்பேன். உங்கள் வண்டியில் இருப்பது அநேகமாக ஹரிக்கேன் எனப்படும் 2,199 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இன்லெட் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். எளிமையான, பொறுமையான இன்ஜின். எட்டு வருஷம் நின்றதால் ஜாம் ஆனது பெரும்பாலும் பிஸ்டன் ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டதாக இருக்கும். பிளக்குகளைக் கழற்றி டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, முன் புல்லியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலே நம்பிக்கை உண்டு. ஸ்டார்ட்டர் போட்டுப் பார்க்காதீர்கள், ரிங் உடையும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் பழைய ஃபியூயல் பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் ஹோஸும் தாங்காது. அவற்றை மட்டும் புது ரகத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது, டீசல்தான் என்று முடிவாகிவிட்டது. எந்த டீசல்?

பொலேரோவில் வந்த பழைய டி.ஐ., அதாவது டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜினைத்தான் நானும் சொல்வேன். 2,523 சிசி. டர்போ வைத்தது சுமார் 63 குதிரைத் திறன் தரும். உங்கள் ஹரிக்கேன் புதிதில் 75 என்று கணக்கு. "அப்படியானால் குறைகிறதே" என்று நினைக்கலாம். இழுவையைப் பாருங்கள். ஹரிக்கேன் 2,000 சுற்றில் சுமார் 155 நியூட்டன் மீட்டர். டி.ஐ. டர்போ 1,500 சுற்றிலேயே 180. பாரம் ஏற்றி மணலிலிருந்து கிளம்பும்போது வேண்டியது இந்த அடி இழுவைதான். இதே 2,523 சிசி அளவில் பின்னால் வந்த சி.ஆர்.டி.ஐ. இன்ஜின் இன்னும் பலமானது. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர், சென்சார், நூற்றுக்கணக்கான கனெக்டர். உப்புக் காற்று ஒவ்வொரு கனெக்டர் முனையிலும் பச்சையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த டி.ஐ. என்றால் சாயல்குடியிலோ தொண்டியிலோ நடுரோட்டில் நின்றாலும், போட் இன்ஜின் பார்க்கிற பையன் ஒருவன் வந்து டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்துக் கிளப்பிவிடுவான். பழைய 2,112 சிசி பெஜோ டீசல் கிடைத்தால் அதுவும் நல்ல இன்ஜின்தான், எடையும் குறைவு. ஆனால் அதற்குக் காலையில் ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும், உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் "வள்ளத்தில் ஓடிய இன்ஜின், பாதி விலை" என்று யாராவது கொண்டு வருவார்கள். கடல் தண்ணீரை நேராகப் பிளாக்குக்குள் ஏற்றிக் குளிர வைத்த இன்ஜினாக இருந்தால் தொடாதீர்கள். தண்ணீர் ஓடும் ஜாக்கெட் உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ரேடியேட்டரில் மாட்டிப் பிரஷர் ஏறிய பிறகுதான் ஆயிலில் தண்ணீர் கலக்கும்.

மதுரையில் இன்ஜினைப் பார்க்கப் போகும்போது, ஓடும் நிலையில் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஆறும் வரை டீ குடித்துவிட்டு வந்து குளிர்ச்சியில் ஸ்டார்ட் போடச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை அருகில் வையுங்கள். லேசாக மூச்சு விட்டால் பரவாயில்லை. புகையோடு குப்குப்பென்று தள்ளினால் ரிங் போயிற்று. இன்ஜின் எண் தேய்த்து மறுபடி குத்தியது போல இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தான தாள், விற்பவரின் பில் எல்லாம் கையில் வாங்குங்கள். ஆர்.டி.ஓ.வில் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்ஜினை மட்டும் வாங்காமல் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர், மவுண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக வாங்குங்கள். இது என் அனுபவத்தில் பட்ட பாடு. 90-களின் நடுவில் மண்டபத்து மீன் வண்டி ஒன்றுக்கு டீசல் இன்ஜினைப் பழைய மூன்று கியர் பெட்டியோடு சேர்த்து மாட்டினேன். நடுவில் வைக்கும் அடாப்டர் தகட்டை வெளியூர் லேத் ஒன்றில் கடைந்து வாங்கினேன். போல்ட் எல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்கின. வண்டி கிளம்பியது. மூன்று மாதத்தில் கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் தேய்ந்தது, மாற்றினோம். மறுபடி இரண்டு மாதத்தில் கியர்பாக்ஸின் முன் பேரிங் அலறியது. ஓட்டுநர் பாரத்தோடு பரமக்குடி ரோட்டில் நின்றுவிட்டார், அன்றைய மீன் அத்தனையும் வீண். கழற்றிய பிறகுதான் ஃப்ளைவீலில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) பொருத்தி, கிளட்ச்சை மூடும் பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றிப் பார்த்தேன். முள் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. ஒரு முழுச் சுற்றில் 0.2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். தகட்டைக் கடைந்தவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது; மாட்டுவதற்கு முன்னால் அளந்திருக்க வேண்டியவன் நான். அந்த வண்டிக்காரருக்குக் கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து டயல் கேஜ் இல்லாமல் எந்தப் பெட்டியையும் இன்ஜினோடு சேர்த்ததில்லை. நீங்களும் மெக்கானிக்கிடம் அந்த முள்ளை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

கியர்பாக்ஸை மாற்றும்போது பலரும் மறப்பது ஹேண்ட் பிரேக்கை. இந்தப் பழைய ஜீப்புகளில் அது பின் சக்கரத்தில் இல்லை. முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம்மாக இருக்கும். பெட்டியைத் தூக்கி எறிந்தால் ஹேண்ட் பிரேக்கும் கூடவே போய்விடும். மாற்று ஏற்பாடு இல்லாமல் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்காது.

ஃபோர் வீல் வேண்டுமா என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் தனுஷ்கோடி ஓட்டம் ஓடியவர்களுக்கு அது இல்லாமல் பிழைப்பில்லை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலும் முழங்கால் தண்ணீரும்தான் பாதை. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. கீழக்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் ஓடுவதென்றால் டூ வீல் ஐந்து கியர் பெட்டியே போதும், வேலையும் பாதி. வள்ளம் கரையேறும் மணலுக்கே இறங்கி மீன் ஏற்றுவதென்றால் ஃபோர் வீலை விடாதீர்கள். அப்போது ஒன்று பார்க்க வேண்டும்: முன் அச்சு ஹவுசிங்கின் உருண்டை (டிஃபரன்ஷியல்) வலது பக்கம் தள்ளி இருக்கும். பள்ளத்தில் விழும்போது அது மேலே ஏறி இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் இடிக்கும். இன்ஜினை இறக்கிவைத்து, முன் பட்டையை ரப்பர் ஸ்டாப்பரில் முட்டும் வரை அமுக்கி, இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு மவுண்டிங்கை வெல்டிங் செய்யுங்கள். டீசலின் எடையால் முன்பக்கம் தொங்கும். ஒரு பட்டை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பழைய ஜீப்பின் கிரவுன் பினியன், அதாவது அச்சுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி, பெரும்பாலும் 43-க்கு 8 பல், அதாவது 5.38. உங்களுடையது எது என்று பார்க்கப் பிரிக்க வேண்டாம். பின் டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, நியூட்ரலில் வண்டியை நேராகத் தள்ளுங்கள். டயர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்ட் ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமும் சுற்றினால் அதே 5.38. இந்தக் கணக்கில் 16 அங்குல ஜீப் டயரோடு, டீசல் 3,000 சுற்றில் நேர் கியரில் (இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர்) ஓடினால் மணிக்கு 73, 74 கிலோமீட்டர்தான் வரும். அதற்கு மேல் டி.ஐ. இன்ஜினை விரட்டுவது பாவம். ஐந்தாவது கியர் ஓவர் டிரைவ் இருந்தால் 90-ஐத் தொடலாம். ஆனால் தொடாதீர்கள். உங்கள் வண்டியின் பிரேக் அநேகமாக 9 அங்குல டிரம்.

அந்தப் பிரேக்கை நான் அப்படியே விடச் சொல்ல மாட்டேன். பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் துருவில் ஓட்டையானால் நான்கு சக்கரமும் சேர்ந்து பிரேக்கை இழக்கும். இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் போட்டு, குழாய்கள் அத்தனையும் புதிதாக இழுங்கள். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டர் வைப்பதாக இருந்தால் டீசலில் பெட்ரோல் இன்ஜின் மாதிரி மேனிஃபோல்டிலிருந்து வாக்குவம் வராது என்பது நினைவிருக்கட்டும். அதற்கு வாக்குவம் பம்ப் தனியாக இன்ஜினோடு வந்திருக்க வேண்டும். செட் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

டீசல் டேங்குக்குத் திரும்பி வரும் குழாய் ஒன்று வேண்டும். பெட்ரோல் டேங்கில் அது இருக்காது. எட்டு வருஷம் காலியாகக் கிடந்த டேங்க் உள்ளே துருவாகத்தான் இருக்கும், அதனால் புது டேங்கே அடித்துவிடலாம். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். வாரம் ஒருமுறை அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு மூடி அளவு வடித்துப் பாருங்கள், நம் கரையில் எப்படியும் தண்ணீர் நிற்கும். ரேடியேட்டரும் பெட்ரோல் இன்ஜினுக்கானது போதாது. கூடுதல் வரிசை வைத்த கோர் போட்டு, ஃபேனைச் சுற்றித் தகரக் கூடு கட்டுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டை அளவு குறைத்தால் பேலன்ஸ் பார்த்த பிறகே மாட்டுங்கள். இன்ஜின் பின்பக்கம் சரியும் கோணமும் பின் பினியன் நிற்கும் கோணமும் இணையாக இருக்க வேண்டும். அது தவறினால் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே தரை அதிரும்.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இன்று எந்த விலைக்கு எது கிடைக்கும் என்பது பேரத்தைப் பொறுத்தது. இன்ஜின் செட்டுக்கு என்ன கொடுக்கிறீர்களோ, குறைந்தது அதே தொகையைப் பிரேக், ரேடியேட்டர், டேங்க், ஷாஃப்ட், ஒயரிங், வெல்டிங் இவற்றுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். சேஸிஸ் வேலை இதில் சேராது.

முதல் ஓட்டம் கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வரை போய் வந்தால் போதும், வெறும் வண்டியாக. வந்ததும் மவுண்டிங் போல்ட், ஷாஃப்ட் போல்ட் எல்லாம் மறுபடி முறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றிவிட்டு அப்புறம் பாரம் ஏற்றுங்கள். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும் நாளில் உயரமாக அடுக்கிக்கொண்டு ஏற வேண்டாம்.

கழற்றிய ஹரிக்கேனை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் தம்பி. சிலிண்டர்களில் ஆயிலை ஊற்றி, துளைகளை மரக்கட்டையால் அடைத்து, மேலெல்லாம் கிரீஸ் பூசி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து எண் குத்திய இடத்தின் மேல் கட்டுங்கள். தரையில் வைக்காமல் இரண்டு பனங்கட்டை மேல் தூக்கி வையுங்கள். ஜாம் விட்டுவிட்டால், மாதம் ஒருமுறை புல்லியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.